யார் பார்க்கிறீர்கள்?

உங்கள் வீடு கொஞ்சம் பழைய வீடென்றால், ஒரு நடை மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று நட்டுக்குத்தாக நிற்கும். இப்போது அதில் துணிக்கொடி கட்டியிருப்பீர்கள். ஒரு காலத்தில் அதன் உச்சந்தலையில்தான் ஆன்டெனா இருந்தது.

சென்னையில் தூர்தர்ஷன் ஆரம்பித்தது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் மாத்தூர் ஏரியாவில் ஆன்டெனாவைத் தெற்கே, சேப்பாக்கம் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். எண்ணூர்க் கடலின் உப்புக்காற்றில் கிளாம்ப் சீக்கிரமே துருப்பிடித்து ஆட ஆரம்பிக்கும். காக்கா வந்து உட்கார்ந்தால் போச்சு, ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியில் ஒலி மட்டும்தான் மிஞ்சும். மாடியில் ஒருத்தர், ஜன்னலில் ஒருத்தர், டிவி முன்னால் ஒருத்தர். “வருதா?” “இல்ல!” “இப்ப?” “வந்துச்சு... ஐயோ, விட்டுட்ட!”

அதுவும் முழு ஓசியில்லை. போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. 80-களின் நடுவில் அது ஒழிந்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலம், மாசம் பிறந்தால் யாருக்கும் காசு கொடுக்காமல் டிவி பார்த்திருக்கிறோம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பிறகு வயர் வந்தது. 1991 வளைகுடாப் போரை வீட்டுக்குள் கொண்டுவந்த அதே சாட்டிலைட் டிஷ், 1993-ல் சன் டிவியையும் கொண்டுவந்தது. தெருவுக்கு ஒரு கேபிள்காரர் முளைத்தார். கையில் ஒரு நோட்டு, தோளில் ஒரு வயர் சுருள். 2003 செப்டம்பரில் ‘காஸ்’ என்ற பெயரில் செட்டாப் பாக்ஸ் முறை வந்தபோது, மற்ற பெருநகரங்கள் தள்ளிப்போட, சென்னைதான் முதலில் மாட்டிக்கொண்டது. 72 ரூபாய்க்கு இலவசச் சேனல்கள், மீதிக்குப் பாக்ஸ் வாங்கு என்றார்கள். தமிழ்ச் சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே தெரிந்ததால், நம்ம ஜனங்கள் ‘போய்யா’ என்று விட்டுவிட்டார்கள். 2006-க்குப் பிறகு அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. 2011-ல் அரசு கேபிள், சென்னை நீங்கலாக, 70 ரூபாய்க்குக் கனெக்‌ஷன் கொடுத்தது. 2019-ல் டிராய் புது விதி கொண்டுவந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. 2024-ல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பும் போய்விட்டது.

இப்போது காலம் மறுபடி மாறி, “வயரை வெட்டு” என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் கேபிள் போய், சுவரில் பெரிய ஸ்மார்ட் டிவி ஏறிவிட்டது. நீங்களும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வெட்டுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம், வாங்க.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். கேபிள் மாசம் 300. கேபிளை எடுத்துவிட்டு, நெட் 589, ஒரு ஓ.டி.டி. வருஷச் சந்தாவை 12-ஆல் வகுத்தால் 125, இன்னொன்று 149. கூட்டினால் 863. ‘அடேயப்பா, 300 போய் 863 வந்ததா?’ என்று பதறாதீர்கள். நெட் எப்படியும் வேண்டும். பையன் படிப்புக்கு, ஆபீஸ் வேலைக்கு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 300-க்குப் பதில் 274. ஆக மொத்தம் மிச்சம் 26 ரூபாய். ரெண்டு டீ. யாராவது ‘கேபிளை வெட்டினேன், ஆயிரக்கணக்கில் மிச்சம்’ என்று சொன்னால், அவர் நெட் பில்லை வேறு பாக்கெட்டில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆயிரக்கணக்கில் மிச்சம் என்கிற பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அது நிஜம். கேபிள் பில் மாசம் 100 டாலரைத் தொடும். அதை வெட்டிவிட்டு, ஜன்னலோரம் ஒரு சின்ன ஆன்டெனாவை மாட்டினால் போதும். என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி., ஃபாக்ஸ் எல்லாம் காற்றிலேயே, தெள்ளத்தெளிவாக, சல்லிக்காசில்லாமல் வரும். 2009-ல் அங்கே தரைவழி ஒளிபரப்பு டிஜிட்டலாக மாறியதிலிருந்து படத்தில் புள்ளி, கோடு எதுவும் கிடையாது. மீதிக்கு இன்டர்நெட். இங்கிலாந்திலும் ‘ஃப்ரீவியூ’ என்று 2002 முதல் அதே கதை.

அதே வைத்தியத்தை மாத்தூரில் செய்தால் என்ன ஆகும்? இங்கே தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். காற்றலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று 1995-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியும், தனியார் டிவிக்குத் தரையிலிருந்து ஒளிபரப்ப அனுமதி வரவில்லை. அவை எல்லாம் சாட்டிலைட் வழிதான். ஆகவே நீங்கள் எத்தனை அடி உயரத்தில் ஆன்டெனா கட்டினாலும் தூர்தர்ஷனைத் தாண்டி எதுவும் விழாது. அந்தத் தூர்தர்ஷனும் 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைப் பிடிக்கத் தனி டியூனர் வேண்டும். உங்கள் தெருவில் யாராவது அதைப் பிடித்துப் பார்த்ததாகச் சொன்னால், என் செலவில் ஒரு காபி. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, சில முக்கிய இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடப்போவதாக 2021-லேயே அறிவித்துவிட்டார்கள்.

நம்ம ஊரில் ஆன்டெனாவுக்கு வாரிசு என்று சொன்னால், தூர்தர்ஷனின் இலவச டிஷ். 2004 டிசம்பரில் வந்தது. டிஷ், பாக்ஸ் வாங்க ஒரு தடவை செலவு. மாசக் கட்டணம் கிடையாது. இந்திச் சேனல்கள் நிறைய, தமிழ் கொஞ்சம். ஆனால் ஒரு லாபம் உண்டு. 2007-ம் வருஷச் சட்டப்படி, இந்தியா ஆடும் முக்கியமான கிரிக்கெட் மேட்ச்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர்ந்தாக வேண்டும். அந்த ஒளிபரப்பைக் கேபிளில் காட்டக் கூடாது, தூர்தர்ஷனின் சொந்த வழியில் மட்டும்தான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கட்டுகிறவன் வீட்டில் வராதது, கட்டாதவன் வீட்டில் வரும்!

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று. நெட்டில் லைவ் என்பது முழு லைவ் இல்லை. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அனுப்பி, உங்கள் டிவி அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். அரை நிமிஷம் பிந்தலாம். எங்கள் தெருவில் கேபிள் வீட்டில் “அவுட்டு!” என்று சத்தம் வரும்போது, நெட் வீட்டில் பவுலர் அப்போதுதான் ஓடிவர ஆரம்பித்திருப்பார். அதையும் செல்போன் டேட்டாவில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை குடிக்கும். தினம் 2 ஜி.பி. பிளான் என்றால் 40 நிமிஷம். பவர்பிளே முடிந்து மூச்சு விடுவதற்குள் காலி.

குறை மட்டும் சொல்லக் கூடாது. மணலி கம்பெனிகளிலும் ஹார்பரிலும் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு ஓ.டி.டி. ஒரு வரம். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வருகிறவருக்கு, ராத்திரி ஒன்பது மணிப் படம் காலை பத்துக்கும் காத்திருக்கிறது. கேபிள் யாருக்காகவும் காத்திருக்காது.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

மகன் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறவர். போன வருஷம் 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கி, கேபிளைத் துண்டித்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆயா சாயந்திரம் ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். “கறிவேப்பிலை இருக்கா கண்ணு?” வாங்கிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்று டிவியைப் பார்ப்பார். எட்டு மணிக்குப் போவார். மறுநாள் மறுபடி கறிவேப்பிலை. நாலாவது நாள் என் மனைவி, “அவங்க வீட்ல கறிவேப்பிலைல தோரணம் கட்றாங்களா?” என்றாள். பிறகு அவளே புரிந்துகொண்டு, ஒரு நாற்காலி போட்டாள்.

விஷயம் மகன் காதுக்குப் போனது. அவர் நல்ல பிள்ளை. வருத்தப்பட்டார். “ஏம்மா, உன் சீரியல் எல்லாம் ஆப்ல இருக்கும்மா. எப்ப வேணா பார்க்கலாம்” என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

ஆயா கேட்டார்: “எப்ப வேணா பார்க்கலாம்னா, எப்பப்பா பார்க்கறது?”

யோசித்துப் பாருங்கள். ஆயாவுக்கு டிவி என்பது படம் காட்டுகிற பெட்டி மட்டுமல்ல, கடிகாரமும்தான். காலையில் பக்திப் பாட்டு வந்தால் வாசல் தெளிக்க வேண்டும். மத்தியானச் சீரியல் முடிந்தால் கொஞ்சம் படுக்கலாம். ஏழரை மணிச் சீரியல் முடிந்தால் சுகர் மாத்திரை. பட்டனை அமுக்கினால் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு இதைத்தான் ஊர் முழுக்கப் பார்க்கிறது, நாளைக்குப் பக்கத்து வீட்டில் அதைப் பற்றிப் பேசலாம். புது டிவியில் பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வருகிறது: யார் பார்க்கிறீர்கள்? கீழே மூன்று பொம்மை முகம். மகன், மருமகள், பேரன். ஆயாவுக்கு முகம் இல்லை.

தப்பு யாருடையதும் இல்லை. பில் கட்டுகிறவர் ஒருத்தர், டிவி பார்க்கிறவர் இன்னொருத்தர். முடிவெடுப்பது பில் கட்டுகிறவர். அவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. அதனால், அவர் இல்லாதபோது அந்தப் பெட்டி யாருக்குத் துணையாக இருக்கிறது என்பது அவர் கணக்கில் வருவதில்லை.

கேபிள் தம்பிக்குத்தான் அது தெரியும். அவரைப் போனவாரம் தெருமுனையில் பார்த்தேன். “இன்னா சார், நீங்களும் லைனைக் கட் பண்ணப் போறீங்களாமே?”

“பசங்க சொல்றாங்கப்பா...”

“பண்ணிக்கோங்க சார். நெட்டு மட்டும் நம்மகிட்டயே எடுங்க. அதே கம்பம், அதே நான்தான்.”

நிஜம். பல இடங்களில் கேபிள் இழுத்தவர்களேதான் இன்றைக்கு ஃபைபரும் இழுக்கிறார்கள். பிழைக்கத் தெரிந்த ஜாதி என்று சிரித்தாலும், இல்லாவிட்டால் அவர்கள் கதி என்ன? ஒரு வயர் அறுந்தால் இன்னொரு வயரைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

கம்பம் என்றதும் 2023 டிசம்பர் ஞாபகம் வருகிறது. மிக்ஜாம் புயல். மணலி, மாத்தூர்ப் பக்கம் தண்ணீர், கரன்ட் இல்லை. கேபிளும் இல்லை, நெட்டும் இல்லை, செல்போனில் சிக்னல் கோடும் இல்லை. அந்த நேரத்தில் மழை நிற்குமா, தண்ணீர் ஏறுமா என்று சொன்னது யார்? பேட்டரி போட்ட பழைய ரேடியோ. அதற்கு மாசச் சந்தா இல்லை, பாஸ்வேர்டு இல்லை, கம்பமும் வேண்டாம். புதுப் போன்களில் எஃப்.எம். வசதியை எடுத்துவிடாதீர்கள் என்று மத்திய அரசே 2023-ல் கம்பெனிகளுக்கு எழுதியது. இன்டர்நெட் இல்லாமலே போனில் நேரடியாக டிவி விழுகிற தொழில்நுட்பத்தை 19 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். சுற்றிச் சுற்றி ஆன்டெனாவுக்கே வருகிறார்கள், பாருங்கள்.

ஆகவே வயரை வெட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம், வீட்டில் எந்த மணிக்கு யார் டிவி முன்னால் உட்கார்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாரும் ஓ.டி.டி. ஆட்கள் என்றால் கவலையே இல்லை. ஒருத்தர் மட்டும் பழைய ஆள் என்றால், அவருக்கு அடிப்படைக் கனெக்‌ஷனை விட்டுவையுங்கள். அதோடு அவருக்குப் பிடித்த ஒரே ஒரு கட்டணச் சேனல். மொத்த பேக்கேஜும் வேண்டியதில்லை. ஒரு சின்ன ரேடியோவும் ரெண்டு செட் பேட்டரியும் பரணில் கிடக்கட்டும், டிசம்பருக்கு உதவும்.

ஆயா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். கூடத்தில் ஸ்மார்ட் டிவி. பின்கட்டில் அரசு கொடுத்த பழைய கலர் டிவி, அதற்கு மட்டும் கேபிள். மாசம் பிறந்தால் கேபிள் தம்பி நோட்டோடு வந்து, வாசலில் நின்று கேட்கிறார்: “ஆயா, படம் நல்லா வர்தா? ஒடம்பு பரவால்லையா?”

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி இப்போதுதான் கொஞ்சம் தழைக்க ஆரம்பித்திருக்கிறது.