புது டிசைரும் அப்பாவும்

கார் வாங்கப் போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல முதல் கேள்வி, "என்ன வண்டி?" டிசைர்னு சொல்லிப் பாருங்க, ரெண்டாவது கேள்வியே வராது. "அட, டாக்ஸி வண்டியா"ன்னு ஒரு சிரிப்பு மட்டும் வரும். நவல்பட்டுல என்கூட ஆணி புடுங்குற பசங்கள்ல முக்கால்வாசிப் பேர் எஸ்யூவிக்கு மாறிட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2024 நவம்பர் 11-ம் தேதி புது டிசைர் வந்தப்போ படத்தைப் பாத்துட்டு மனசு கொஞ்சம் ஆடுச்சு. ஆனா கையில காசு இல்ல. 2025 செப்டம்பர் 22-ல சின்ன பெட்ரோல் காருக்கு செஸ்ஸோட சேத்து 29 சதவீதமா இருந்த வரி 18 ஆனதும், சரி ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கிட்டு மன்னார்புரத்துல இருக்குற ஒரு ஷோரூமுக்குப் போனேன்.

அப்பாவைப் பத்தி சொல்லாம மேல போக முடியாது. 2013-ல இருந்து எட்டு வருஷம் டிசைர் ஓட்டினவர் அவர். எல்டிஐ டீசல், வெள்ளை கலர், மஞ்சள் போர்டு. ஏர்போர்ட் சவாரிதான் முக்கால்வாசி, மிச்ச நேரம் ஸ்ரீரங்கம், சமயபுரம், வயலூர்னு கோயில் சவாரி. என்னோட இன்ஜினியரிங் எட்டு செமஸ்டரும் அந்த வண்டி ஓடின ஓட்டத்துலதான் முடிஞ்சுது.

முதல்ல வண்டியோட மூஞ்சி. இதுக்கு முன்னாடி வந்த டிசைருக்கெல்லாம் சொந்த முகம்னு ஒண்ணு சரியா அமையவே இல்ல. 2008-ல வந்தது ஸ்விஃப்ட்டுக்குப் பின்னாடி ஒரு பொட்டிய ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். 2012-ல வந்தது அந்தப் பொட்டியையும் பாதியா வெட்டி ஒட்டின மாதிரி. 2017-ல பேர்ல இருந்த ஸ்விஃப்ட்டைத் தூக்கிட்டாங்க, ஜாடை மட்டும் விடல. இந்த வாட்டிதான் முகம் மொத்தமா வேற. அகலமான கிரில், அதுல படுக்கைவசமா பட்டை பட்டையா கோடு, ரெண்டு பக்கமும் ஒல்லியான எல்இடி விளக்கு. தூரத்துல இருந்து பாத்தா ஆடி காரோன்னு ஒரு செகண்ட் ஏமாறலாம். கிட்ட வந்தா தெளிஞ்சுடும் :) பின் விளக்கு ஒய் எழுத்து மாதிரி எரியுது. டிக்கியும் ஒட்ட வச்சது மாதிரி இல்லாம உடம்போடயே இறங்குது. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது.

அப்பா கிரில் பக்கமே போகல. நேரா பின்னாடி போய் டிக்கியைத் தொறக்கச் சொன்னார்.

இந்த டிக்கிக்கு ஒரு கதை இருக்கு. 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள இருக்குற சின்ன காருக்கு எக்சைஸ் வரியை 24-ல இருந்து 16 சதவீதமாக் குறைச்சாங்க. பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசி தாண்டக் கூடாது. 2008 டிசைர் 4160 மில்லிமீட்டர் நீளம், அதனால அந்தச் சலுகை கிடைக்கல. 2012-ல அதை 3995-க்குக் கொண்டு வந்தாங்க. வெட்டு விழுந்தது டிக்கியிலதான். 440 லிட்டர் 316 ஆயிடுச்சு. வரிச் சலுகை ஒரு காரோட பின்பக்கத்தையே மாத்தி வரைஞ்சுது பாருங்க. நம்ம ஊர் ஏர்போர்ட்டுக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்ல இருந்து வர்றவங்க கொண்டு வர்ற அட்டைப்பொட்டியப் பாத்திருக்கீங்கள்ல? கயிறு கட்டி, மேல பெரிய எழுத்துல பேரும் ஊரும் எழுதி, ஆளுக்கு ரெண்டு. அது எங்க 316-ல அடங்குறது? அதனால அப்பா வண்டிக்கு மேல கேரியர் போட்டிருந்தார். 2017 மாடல்ல 378 லிட்டர் ஆச்சு. இப்ப 382.

அப்பா குனிஞ்சு உள்ள கைய விட்டு ஆழம் பாத்தார். "பரவால்ல, ரெண்டு பொட்டி நிக்கும். கேஸ் வண்டின்னா இதுவும் போச்சு"ன்னார். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியிலதான உக்காரும், அதைச் சொல்றார்.

சேல்ஸ் தம்பி உற்சாகமாகி சன்ரூஃபைத் தொறந்து காட்டினார். டெஸ்ட் டிரைவுக்கு நின்ன வண்டி இசட்எக்ஸ்ஐ ப்ளஸ். சன்ரூஃப், சுத்தி நாலு பக்கமும் காட்டுற கேமரா, ஒம்பது இஞ்ச் திரை எல்லாம் அதுலதான் வருது. அப்பா அண்ணாந்து பாத்துட்டு, "கூரையில ஓட்டை போட்டுட்டா கேரியர் எங்கடா போடுறது?"ன்னு கேட்டார். தம்பி அதை ஜோக்குன்னு நெனச்சுக்கிட்டு சொன்னார், "கேரியரெல்லாம் எதுக்கு சார்? இந்த மாடல் டாக்ஸி மாதிரியே தெரியாது. ரோட்ல கை காட்டி யாரும் வாடகைக்கு வருமான்னு கேக்க மாட்டாங்க."

அவர் மேல தப்பில்ல, அவருக்கு என்ன தெரியும். பிரச்சனை என்னன்னா, நானும் சிரிச்சேன். ஷோரூம் கண்ணாடியில என் சிரிப்பு எனக்கே தெரிஞ்சுது. அப்பா டிக்கியை மெதுவா மூடினார்.

டெஸ்ட் டிரைவ் ரூட் டிவிஎஸ் டோல்கேட் வழியா ஏர்போர்ட் வரைக்கும், திரும்ப மன்னார்புரம். அப்பா முன்னாடி உக்காரல, பின் சீட்டுக்குப் போயிட்டார். ஸ்டார்ட் பண்ணதும் முதல்ல தெரியுறது ஒரு சின்ன அதிர்வு. போன மாடல்ல நாலு சிலிண்டர், இதுல மூணு. பவரும் 90 குதிரையில இருந்து 82 ஆகியிருக்கு. ஊருக்குள்ள அது உறைக்கல, சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஸ்டீரிங்ல லேசா ஒரு நடுக்கம் வருது. பதிலுக்கு மைலேஜ் கம்பெனி கணக்குப்படி 24.79, ஏஎம்டின்னா 25.71. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கு. மேடு பள்ளத்தை சஸ்பென்ஷன் நல்லா முழுங்குது. உள்ள டேஷ்போர்டு ஸ்விஃப்ட்டோடதேதான், ஒரு மரக் கலர் பட்டையும் பழுப்பு சீட்டும் போட்டுக் குடும்ப வண்டியாக்கிட்டாங்க. இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் ஏமாத்திட்டாங்கன்னு தோணுச்சு.

ஏர்போர்ட் புது டெர்மினல் பக்கத்துல திருப்பும்போது, "பின்னாடி எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஏசி காத்து இங்கயும் வருதுடா"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "எட்டு வருஷம் ஓட்டினேன். ஓடுற வண்டியில பின் சீட்ல நான் உக்காந்ததே இல்ல. முட்டிக்கு இவ்ளோ எடம் இருக்கும்னு தெரியாது"ன்னார்.

நான் ரோட்டைப் பாத்து ஓட்டினேன்.

ஆறு ஏர்பேக் அடிமட்ட மாடல்லயே வருது, ஈஎஸ்சியும் சேத்து. குளோபல் என்கேப் சோதனையில பெரியவங்க பாதுகாப்புக்கு 34-க்கு 31.24 வாங்கி அஞ்சு ஸ்டார், குழந்தைங்களுக்கு நாலு ஸ்டார். போன மாடல் வாங்கினது ரெண்டுதான். அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "என் வண்டியில ஒண்ணுகூட இல்ல"ன்னார். உண்மைதான். டிரைவர் ஏர்பேக்கே 2019 ஜூலையிலதான் நாட்டுல கட்டாயமாச்சு. மதுரை ரோட்ல ராத்திரி சவாரி போனார்னா அம்மா ஹார்ன் சத்தம் கேக்குற வரைக்கும் தூங்க மாட்டாங்க. நான் செமஸ்டருக்குப் படிக்கிற மாதிரி லைட்டைப் போட்டு வச்சுக்கிட்டு தூங்கிட்டிருப்பேன்.

ஷோரூம்ல வண்டியக் கொடுத்துட்டு என் பைக்ல கிளம்பி, ஜங்ஷன் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். எதிர்ல ஒரு டிசைர் நின்னுச்சு. அதே புது முகம், அதே பட்டை கிரில். வெள்ளை, மஞ்சள் போர்டு. 2025 ஜூன்லயே இந்த மாடலை டூர் எஸ்னு டாக்ஸிக்கும் கொண்டு வந்துட்டாங்க. ஆக, டாக்ஸி மாதிரி தெரியாத வண்டி ஏழே மாசத்துல டாக்ஸி ஆயிடுச்சு.

அப்பா டீ கிளாஸோட ரோட்டைத் தாண்டிப் போனார். நான் என் டீயக் குடிச்சு, அவர் டீக்கும் காசு கொடுத்து, போன்ல வந்த ரெண்டு ஆபீஸ் மெயிலுக்கும் பதில் போட்டுட்டேன். அங்க அந்த டிரைவரோட பேச்சு முடியல. பேனட்டைத் தொறந்தாங்க, மூடினாங்க. டிக்கியைத் தொறந்தாங்க. அந்த டிரைவர் கையால அளவு காட்டி ஏதோ சொல்ல, அப்பா சத்தமா சிரிச்சார். ஷோரூம்ல அவர் சிரிக்கவே இல்லைங்கறது அப்பதான் எனக்கு உறைச்சுது.

திரும்பி வந்து பைக்ல ஏறும்போது சொன்னார், "அதுல கூரை ஓட்டை இல்லடா. கேரியர் போடலாம்."

இசட்எக்ஸ்ஐ புக் பண்ணியாச்சு, சன்ரூஃப் இல்லாதது. கலர்தான் இன்னும் சொல்லல. அப்பா நீலம்ங்கறார், நான் வெள்ளைன்னு சொல்லியிருக்கேன்.