இரண்டு மணி ஷிஃப்ட்டில் ஒரு ஜப்பான் பாட்டு!

நைட் ஷிஃப்ட்டில் அதிகாலை 2 மணியைத் தாண்டுவதுதான் கஷ்டம். டீ குடித்தாலும் கண் சொக்கும். அப்படியொரு நேரத்தில் யூடியூப் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவியது. மொழி புரியவில்லை. ஆனாலும், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

பாட்டின் பெயர் 'தோகாய்'. ஜப்பானிய மொழியில் 'மாநகரம்' என்று அர்த்தம். 1977-ல் வந்த 'சன்ஷவர்' ஆல்பத்தில் இருக்கிறது. எழுதி, இசையமைத்துப் பாடிய தாயெகோ ஓனுகிக்கு அப்போது வயது 23. என்னைவிட ஒரு வயது சின்னவர்! ஆல்பத்தின் இசைக்கோர்ப்பு, ரியுய்ச்சி சகாமோட்டோ. பின்னாளில் 'தி லாஸ்ட் எம்பரர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான்.

கீபோர்டும் பேஸ் கிடாரும் நிதானமாக நடைபோட, மேலே அலட்டிக்கொள்ளாத ஒரு குரல். அர்த்தத்தைத் தேடிப் படித்தேன். விடிய விடிய மினுக்கும் நகரத்தைப் பார்த்து, 'இந்தப் பகட்டு போதும், வா, வீட்டுக்குப் போகலாம்' என்கிற மாதிரியான பாட்டு. சுருக்கென்றது.

வெளியானபோது ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. ஆனால், 2017-ல் ஜப்பான் டி.வி நிகழ்ச்சி ஒன்றில், 'எதற்காக வந்தீர்கள்?' என்று ஓர் அமெரிக்கரிடம் கேட்டார்கள். 'சன்ஷவர் இசைத்தட்டைத் தேடி வந்தேன்' என்றார் அவர். சரியாக 40 வருடங்கள் கழித்து!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் முதல் ஒரு மணி நேரத்தில் ஓடாத செய்தி, செத்த செய்தி. ஒரு வாரம் அலைந்து எழுதிய என் கட்டுரையை 212 பேர்தான் படித்தார்கள். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோ என்று பாத்ரூமில் போய் அழுதேன். எதையாவது சாதித்துவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்று இரண்டு பொங்கலைத் தள்ளிப்போட்டவள் நான்.

23 வயதில் ஒருத்தி மனசாரச் செய்த வேலை, யாரோ ஒருவரைக் கடல் தாண்டி வரவைத்திருக்கிறது. என் 212 பேரில் ஒருவருக்காவது அந்தக் கட்டுரை பயன்பட்டிருக்காதா என்ன?

காலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். பாட்டு விஷயத்தையும் சொன்னேன்.

"நான் ரெண்டு வருஷமா கூப்பிட்டு வராதவ, ஜப்பான்காரி கூப்பிட்டதும் வர்றியாக்கும்!" என்றார். பிறகு, "யார் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்!"

நீங்களும் ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள்!