பொய்யா என்று கேட்டவருக்கு விழுந்த அறை

1984 டிசம்பர் 28. நியூயார்க் நகரத்தின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். அங்கே அன்றைக்கு மல்யுத்தக் காட்சி. அரங்கத்தின் பின்பக்கம் ஏபிசி தொலைக்காட்சியின் நிருபர் ஜான் ஸ்டோசல், டேவிட் ஷுல்ட்ஸ் என்ற மல்லரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஷுல்ட்ஸுக்கு 'டாக்டர் டி' என்று மேடைப் பெயர். டென்னசி மாநிலத்துக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், மேடையில் எப்போதும் வில்லன் வேஷம்.

பேட்டி சுமுகமாகப் போகவில்லை. ஸ்டோசல் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: இதெல்லாம் பொய் என்று நான் நினைக்கிறேன் என்று. அடுத்த நொடி ஷுல்ட்ஸ் அவர் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். நிருபர் தரையில் விழுந்தார். இது பொய்யா என்று கேட்டபடி, எழுந்தவருக்கு மறு காதிலும் ஒன்று. ஸ்டோசல் எழுந்து ஓடினார். எல்லாவற்றையும் கேமரா பிடித்துவிட்டது.

1985 பிப்ரவரியில் '20/20' என்ற நிகழ்ச்சியில் இது ஒளிபரப்பானது. அதே நிகழ்ச்சியில் எடி மான்ஸ்ஃபீல்ட் என்ற பழைய மல்லர் வந்து தொழில் ரகசியங்களைச் செய்தே காட்டினார். எதிராளிக்கு வலிக்காமல் எப்படிக் குத்துவது, சின்ன பிளேடுத் துண்டால் நெற்றியைக் கீறி எப்படி ரத்தம் வரவைப்பது, எல்லாவற்றையும். ஆனால் அவர் காட்டிய வித்தையைவிட அந்த இரண்டு அறைகள்தான் மக்கள் மனத்தில் நின்றன.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நாற்பது வருஷம் கழித்தும் அந்தப் பிரிவு போகவில்லை. ஒரு கட்சி: கேள்வி கேட்பது நிருபரின் வேலை, கேட்டவரை அடிப்பது ரௌடித்தனம். மறு கட்சி: ஒரு மனிதன் உடம்பை வருத்திப் பிழைக்கும் இடத்துக்கே போய், உன் பிழைப்பு பொய் என்று சொன்னால் வேறென்ன கிடைக்கும்? இந்த இரண்டாவது கட்சியில் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாளிகள் அல்ல. பெரும்பாலோருக்கு முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது என்று தெரியும். தெரிந்தும் ஷுல்ட்ஸ் பக்கம் நின்றார்கள். அது ஏன் என்பதைத்தான் நான் யோசித்துப் பார்க்கிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 1990களில் கேபிள் வந்தபோது இந்த மல்யுத்தமும் கூடவே வந்தது. உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சடித்த சீட்டுக்கட்டுகளைப் பையன்கள் பள்ளிக்கூடப் பையில் ஒளித்து வைத்திருந்தார்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்தார்கள். "எல்லாம் செட்டப்புடா" என்று பெரியவர்கள் யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும். அந்தக் கோபத்துக்கும் அமெரிக்க ரசிகரின் கோபத்துக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

மல்லர்கள் தங்களுக்குள் இந்த ரகசியத்துக்கு 'கேஃபேப்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மேடையில் போடும் வேஷத்தை வெளியிலும் விடக்கூடாது என்பது அதன் சாரம். நல்லவனும் வில்லனும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது, ஒரே வண்டியில் போகக்கூடாது. சாராயக்கடையில் எவனாவது "நீ செய்வது பொய்" என்றால் அவனைச் சும்மா விடக்கூடாது. 1987 மே மாதம் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. உள்ளே ஜிம் டக்கன், அயர்ன் ஷேக் என்ற இரண்டு மல்லர்கள். மேடையில் ஒருவர் அமெரிக்கக் கொடியைத் தூக்குபவர், மற்றவர் ஈரான் வாழ்க என்று கத்துபவர். ஜென்மப் பகையாளிகள்! காரில் போதைப்பொருள் இருந்ததால் இருவரும் கைதானார்கள். ஆனால் ரசிகர்கள் அதிர்ந்தது போதைப்பொருளுக்காக அல்ல, இருவரும் ஒரே காரில் போனதற்காக. கம்பெனி இருவரையும் வேலையைவிட்டு நீக்கியது.

ஷுல்ட்ஸ் கதைக்கு வருவோம். மேலிடம் சொல்லித்தான் அடித்தேன் என்று அவர் பிற்பாடு சொன்னார். சில மாதங்களிலேயே அவருக்கு அந்தக் கம்பெனியில் இடம் இல்லாமல் போயிற்று. வாய்மொழி உத்தரவை நம்பிக் காரியம் செய்தவன் கதி எந்த அலுவலகத்திலும் ஒன்றுதான். ஸ்டோசல் கம்பெனி மீது வழக்குப் போட்டார், காதில் வாரக்கணக்கில் வலியும் இரைச்சலும் இருந்தன என்றார். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே பெருந்தொகைக்கு முடிந்தது. வழக்குப் போட்டதற்காகப் பின்னாளில் வருந்தினேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு வேறொரு பேட்டி. 1982 ஜூலை 28, டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சி. ஒரு நாற்காலியில் நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன், கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு. பக்கத்தில் மெம்பிஸ் நகரத்து மல்லர் ஜெர்ரி லாலர். அந்த ஏப்ரலில் இருவரும் மெம்பிஸில் மோதினார்கள், காஃப்மன் கழுத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கு முன்னால் அவர் சோப்புப் போட்டுக் குளிப்பது எப்படி என்று தென் மாநிலத்தாருக்குப் பாடம் நடத்தி மெம்பிஸ் மக்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் விழுந்தபோது ஊரே கைதட்டியது. பேட்டியிலும் வாய்ச்சண்டை முற்றி, லாலர் விட்ட அறையில் காஃப்மன் நாற்காலியோடு சாய்ந்தார். எழுந்து வந்து வாயில் வந்தபடி திட்டி, காப்பியை எடுத்து லாலர் மேல் வீசினார். நிகழ்ச்சி நடத்தியவர் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இருவரும் கூட்டாளிகள், பகை முழுவதும் பேசி வைத்துச் செய்தது என்பது காஃப்மன் 1984இல் இறந்து பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதைக் கேட்ட ரசிகர்கள் கோபப்பட்டார்களா? இல்லை. என்னமாய் ஏமாற்றினார்கள் என்று மெச்சினார்கள். 1999இல் காஃப்மன் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது லாலர் தன் வேஷத்தைத் தானே போட்டார்.

ஆக, தாங்கள் ஏமாற்றப்பட்டதை ரசிகர்கள் மன்னித்துவிடுகிறார்கள். ஏமாளிகள் என்று வெளியாள் ஒருவர் சொல்லிக்காட்டுவதைத்தான் மன்னிப்பதில்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் இந்த வகை மல்யுத்தத்துக்கு 'காட்ச்' என்று பெயர். பொய்ச் சண்டை என்று சொல்ல 'ஷிக்கே' என்று ஒரு சொல்லும் உண்டு. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1957இல் வெளியிட்ட 'மித்தோலோழி' நூலின் முதல் கட்டுரையே இந்தக் காட்சைப் பற்றியதுதான். பாரீஸின் இரண்டாந்தர அரங்குகளில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சுருக்கம்: இது விளையாட்டே அல்ல, கிரேக்க நாடகம் போல ஒரு காட்சி. சண்டை ஏற்பாடு செய்ததா இல்லையா என்று பார்ப்பவன் கவலைப்படுவதில்லை. துன்பம், தோல்வி, நியாயம் மூன்றும் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும், அவ்வளவே அவனுக்கு வேண்டியது.

நமக்கு இது புதிதா என்ன? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் பார்த்தவர்களுக்குப் பார்த் விளக்க வேண்டியதில்லை. துரியோதனன் மண்ணில் கிடக்கிறான் என்று தெரியும், அது மண் பொம்மை என்றும் தெரியும். அழ வேண்டியவர்கள் அழத்தான் செய்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் ஒலிவாங்கியோடு வந்து, "ஐயா, இது நிஜத் துரியோதனன் இல்லையே" என்றால் ஊர் அவரை எப்படிப் பார்க்கும்? பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விவஸ்தை கெட்டவர் என்பார்கள்.

ஸ்டோசலின் நிகழ்ச்சி ஒளிபரப்பாகி ஆறு வாரத்துக்குள், 1985 மார்ச் 31 அன்று, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் 'ரெஸில்மேனியா' நடந்தது. 19,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதற்கு 4 நாள் முன்னால்தான் இன்னொரு பேட்டியில் ரிச்சர்ட் பெல்சர் என்ற நடிகர் ஹல்க் ஹோகனிடம் ஒரு பிடி பிடித்துக் காட்டுங்கள் என்று கேட்டு, கழுத்துப் பிடியில் மயங்கி, ஹோகன் கையை எடுத்ததும் தரையில் விழுந்து மண்டை உடைத்துக்கொண்டார். பொய் என்று நிரூபித்த நிகழ்ச்சியும் சரி, நிஜ ரத்தம் வந்த பேட்டியும் சரி, ஒரு டிக்கெட்டையும் குறைக்கவில்லை.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு, அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு அது ரொம்பவும் ருசிக்கும். அறை வாங்கிய நிருபரால் கம்பெனியின் வாயிலிருந்து வரவழைக்க முடியாத வாக்குமூலத்தை, 1989 பிப்ரவரியில் கம்பெனி தானாகவே நியூ ஜெர்சி மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தது! விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் உரிமம், மருத்துவச் சோதனை, வரி என்று பல தொல்லைகள். அதிலிருந்து விடுபட, இது போட்டியே அல்ல, பார்ப்பவர் பொழுதுபோக்குக்காக நடத்தும் காட்சி என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். எந்த ரகசியத்தைக் காப்பாற்ற ஷுல்ட்ஸ் கை நீட்டி வேலையை இழந்தாரோ, அதே ரகசியத்தை முதலாளி வரிக்காகக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்தப் பேட்டியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். விழுவது நிஜம். பலகைமேல் முதுகு மோதுவது நிஜம். முழங்காலும் கழுத்தும் தேய்வது நிஜம். 1999 மே 23 அன்று கான்ஸஸ் நகரத்து அரங்கில் ஓவன் ஹார்ட் என்ற மல்லரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். கொக்கி விடுபட்டு மேடையில் விழுந்தார். வயது 34. பார்த்தவர்களில் பலர் இதுவும் ஏற்பாடு என்றே முதலில் நினைத்தார்கள். அவர் இறந்த செய்தி தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்டது, அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. காட்சி தொடர்ந்து நடந்தது.

இவர்களைக் கம்பெனி ஊழியர்கள் என்று கணக்கில் வைப்பதில்லை. தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் என்று கையெழுத்து வாங்குகிறது. ஊழியர் இல்லை என்றால் ஊழியருக்கு உரியது எதுவும் இல்லை. மாதா மாதம் ஓய்வூதியம் வாங்கி மருந்துக் கடைக்குப் போகும் எனக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரிகிறது. "உங்கள் சண்டை பொய்யா?" என்று கேட்டதற்குப் பதில், "உங்களுக்கு நிஜமாக அடிபட்டால் யார் செலவு செய்வார்கள்? ஐம்பது வயதில் என்ன செய்வீர்கள்?" என்று அந்த நிருபர் கேட்டிருந்தால் ஷுல்ட்ஸ் கை ஓங்கியிருப்பாரா? ஒருவேளை உட்கார்ந்து பேசியிருப்பார். சங்கடம் முதலாளிக்குப் போயிருக்கும்.

அறைந்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சங்கடமான கேள்வி கேட்டவரை அடிக்கலாம் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. ஆனால் ஷுல்ட்ஸுக்காகப் பரிந்து பேசிய ரசிகர்களையும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. தங்களுக்காக ஒருவன் விழுந்து எழுகிறான் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மரியாதை கேட்டார்கள்.

ஷுல்ட்ஸ் பிற்பாடு தலைமறைவாகும் குற்றவாளிகளைப் பிடித்துக்கொடுக்கும் வேலைக்குப் போனார். அவர் தன் கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது வைத்த தலைப்பின் பொருள், 'என்னைப் பொய் என்று சொல்லாதே'. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருக்கு உறுத்தியது அந்த ஒரு சொல்தான். அடுத்த முறை பேரப்பிள்ளைகள் மல்யுத்தம் பார்க்கும்போது "எல்லாம் பொய்" என்று சொல்ல நாக்கு நீண்டால், கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்து, யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.