வாளியும் கடிகாரமும்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி. எரிமலை, சூரியக் குடும்பம், எலுமிச்சம்பழத்தில் மின்சாரம் என வழக்கமாக இடம்பெறும் பொருள்களுக்கு நடுவே ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் மேசையைச் சுற்றி மட்டும் கூட்டம் குறையவே இல்லை. மீன்தொட்டியில் வைக்கும் சிறு பம்பு ஒன்று தொட்டி நீரை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றியது. ஏறிய நீர் நெகிழிக் கரண்டிகளால் ஆன சக்கரத்தின்மீது விழுந்தது. சக்கரம் சுழன்றது; அதனோடு பிணைத்த சிறு மின்னாக்கி ஒரு குட்டி விளக்கை எரித்தது. மேலே தொங்கிய அட்டையில், 'மின்சாரம் இல்லாமல் இயங்கும் பம்பு - விரைவில்' என்று எழுதியிருந்தான். பெரிய சக்கரம் ஒன்று கிடைத்துவிட்டால், சுவரில் செருகியிருக்கும் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்பது அவன் நம்பிக்கை.

பார்த்தவர்கள் பாராட்டினார்கள். "அமெரிக்காவில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள், தம்பி! விடாதே!" என்று பெரியவர் ஒருவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். பையனின் முகம் மலர்ந்தது.

இத்தகைய மாணவனிடம், "ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, உட்கார்" என்று சொல்லிவிடும் ஆசிரியர் உண்டு. அவர் சொல்லும் விதி சரியானதே. ஆயினும் தான் கண்ட கனவை ஏன் கைவிட வேண்டும் என்பது அந்த ஒரு வரியால் பிள்ளைக்கு விளங்குவதில்லை. ஆசிரியருக்கு அஞ்சி வாயடைத்துப் போவான். மனத்துக்குள் அந்த அமெரிக்காவையே நம்பிக்கொண்டிருப்பான்.

அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. பத்து லிட்டர் வாளி ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மாணவனிடம் கொடுத்தார்.

"தம்பி, இந்த வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, பார்."

"சரியாக ஒரு நிமிடம், ஐயா."

பத்து லிட்டர் நீரின் எடை பத்துக் கிலோ. அதை ஒரு மீட்டர் ஏற்றச் செய்யும் வேலை 98 ஜூல். அறுபது விநாடிக்குப் பகிர்ந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 1.6 ஜூல், அதாவது 1.6 வாட். பம்பின் முதுகில் அச்சிட்டிருந்ததோ 18 வாட். நூறு காசு வாங்கிக்கொண்டு ஒன்பது காசுக்கே வேலை செய்கிறது அந்தப் பம்பு. அந்த ஒன்பதிலும் சக்கரமும் மின்னாக்கியும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே விளக்குக்கு ஏதோ கிடைக்கிறது.

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மீதி எங்கே போயிற்று, ஐயா?" என்றான்.

அன்றைய கண்காட்சியில் எழுந்த கேள்விகளுள் மிக உயர்ந்தது இதுவாகவே இருக்கவேண்டும். ஆசிரியர் அவன் கையைப் பிடித்துத் தொட்டி நீரில் வைத்தார். காலையிலிருந்து ஓடிய பம்பு நீரைச் சற்றே வெதுவெதுப்பாக்கியிருந்தது.

மையவிலக்குப் பம்பின் உள்ளே நடப்பது எளிதுதான். சுழலும் தகடுகள் நீரை நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு எறிகின்றன. அந்த வேகம் உறையினுள் அழுத்தமாக மாறி நீரை மேலே தள்ளுகிறது. ஆனால் எறியப்படும் நீர் முழுவதும் ஒழுங்காகப் போவதில்லை. ஒரு பகுதி சுழித்துத் தன்னோடு தானே மோதுகிறது, ஒரு பகுதி இடுக்கு வழியே மறுபடி நடுவுக்கே கசிகிறது, சுவரோடு உராய்கிறது. மோட்டாரின் செப்புச் சுருளும் சூடேறுகிறது. தொலைந்ததெல்லாம் வெப்பமாக அங்கேயே இருக்கிறது.

எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் பொறுமையாக அளந்தார். இறங்கும் எடைகளால் துடுப்புச் சக்கரத்தை நீருக்குள் சுழலச் செய்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். 1845-லிருந்து பல முறை செய்து, 1850-ல் நுட்பமான முடிவை வெளியிட்டார். இன்றைய அளவில் சொல்வதானால், விழும் வேகம் முழுவதும் வெப்பமாக மாறினாலும், நீர் ஒரே ஒரு செல்சியஸ் பாகை சூடேற ஏறக்குறைய 427 மீட்டர் உயரத்திலிருந்து விழவேண்டும்.

பெரியவர் சொன்ன அமெரிக்கக் கதைக்கும் இதற்கும் உறவு உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் ஜேம்ஸ் கிரிக்ஸ் என்பவர் 1993-ல் காப்புரிமை பெற்ற கருவி ஒன்றில், குழிகள் நிறைந்த உலோக உருளை நீருக்குள் வேகமாகச் சுழல்கிறது. நுண்குமிழிகள் தோன்றி உடைந்து நீர் சூடாகிறது. சூடான பரப்பு எதுவும் இல்லாததால் உப்புப் படிந்து அடைப்பதில்லை, பயனுள்ள கருவிதான். பம்புக்கு நட்டமாவது சூடேற்றிக்கு இலாபம் அல்லவா? ஆனால் கொடுத்த மின்சாரத்தைவிட மிகுதியான வெப்பம் வருகிறது என்று சிலர் சொல்லத் தொடங்கியபோதுதான் அது 'இலவச ஆற்றல்' கதையாயிற்று. அந்த மிகுதி அறிவியல் உலகம் ஏற்கும்படி மெய்ப்பிக்கப்படவில்லை.

இத்தகைய கணக்கில் தவறு நுழைவதற்குப் பொய் வேண்டுவதில்லை; ஆவி ஒன்றே போதும். கொதிக்கும் நீர் ஒரு கிலோவை ஆவியாக்க 2257 கிலோ ஜூல் தேவை. வெளிவரும் ஆவியில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகாத நீர்த்துளிகளாக இருக்க, எல்லாவற்றையும் ஆவியென்றே எண்ணிவிட்டால், இல்லாத வெப்பம் ஏட்டில் ஏறிவிடும். ஏமாற்றுவோர் சிலரே, ஏமாந்த கணக்கைத் தாமே நம்பிப் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்போர் பலர். அந்தப் பையனின் அட்டையும் அவ்வழியில் முதல் அடியாக இருந்திருக்கலாம்.

"அப்படியென்றால் பம்பை நல்லதாக்கவே முடியாதா, ஐயா?"

"யார் சொன்னது?" என்றார் ஆசிரியர்.

1851-இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் ஜான் அப்போல்டு ஒரு மையவிலக்குப் பம்பைக் காட்டினார். நேரான தகடுகளுக்குப் பதிலாக வளைந்த தகடுகளை வைத்திருந்தார். சோதனையில் அதன் பயனுறுதிறன் 68 விழுக்காடு. நேர்த்தகட்டுப் பம்புகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. நீர் போக விரும்பும் வழியில் தகட்டை வளைத்தார், அவ்வளவே. இன்றைய பெரிய பம்புகள் 80 விழுக்காட்டைத் தாண்டுகின்றன. நீரை மேலேற்றி மீண்டும் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் இருக்கின்றன. 1984-ல் திறக்கப்பட்ட வேல்ஸ் நாட்டு டினோர்விக் அவற்றுள் ஒன்று. அங்கும் நூறு அலகு கொடுத்தால் ஏறக்குறைய 75 அலகே திரும்புகிறது. தேவை குறைந்த இரவில் ஏற்றிவைத்துத் தேவை மிகும் நேரத்தில் இறக்குவதால், அந்த 25-ஐ இழப்பதும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

மாலையில் கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கும் ஓசைக்கு நடுவே மாணவன் தன் மேசையிலேயே நின்றான். மெல்லிய குழாயைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பருத்த குழாயைப் பொருத்தினான். வளைந்து நெளிந்து போனதை நேராக்கினான். உயரம் அதே ஒரு மீட்டர்தான். வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். 48 விநாடி.

அட்டையைத் திருப்பி, அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டான். '9' என்று எழுதினான். அதன் கீழே '11' என்று எழுதினான். பிறகு பம்பின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தகடுகள் நேரானவையா வளைந்தவையா என்று பார்க்கத் தொடங்கினான். ஆசிரியர் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.