அக்கா வாங்கித் தந்த ஆர்க்கிட்

செடி வளர்ப்பவர்கள் வீட்டில் ஒரு செடி பட்டுப்போவது பெரிய விஷயமில்லை. ஆனால் பட்டுப்போன செடி உயிரோடு இருப்பதாக ஒன்றரை வருஷம் சொல்லிக்கொண்டு இருந்தவன் நான். இந்த வயதில் அதை எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும்.

என் அக்கா, சொல்தாவாக இருந்த அத்தானைக் கட்டிக்கொண்டு சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவள். பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் அடுக்குமாடி வீடு. ஒவ்வொரு வருஷமும் மார்கழி, தை மாதங்களில் புதுச்சேரிக்கு வந்துவிடுவாள். 2022 ஜனவரியில் வந்தபோது, ஆரோவில் போகும் வழியில் ஒரு நர்சரியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். ஊதா நிறத்தில் ஏழெட்டுப் பூக்களோடு இருந்த ஒரு ஆர்க்கிட்டை வாங்கி என் மடியில் வைத்தாள். "ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. சும்மா பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்கே. இதைப் பாத்துக்க தம்பி" என்றாள்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போது அதன் ஒரு இலை கம்பியில் மாட்டி, நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழிந்துபோயிற்று. "பரவாயில்லை" என்றாள் அக்கா.

அதன் பெயர் ஃபலினாப்சிஸ். கிரேக்க மொழியில் அந்துப்பூச்சியைப் போன்றது என்று பொருள். 1825இல் புளூமே என்ற தாவர அறிஞர் வைத்த பெயர். கல்வே காலேஜில் பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பெயர் உடனே பிடிபட்டது. பிரெஞ்சில் அந்துப்பூச்சிக்கு 'ஃபலேன்' என்று ஒரு சொல் உண்டு. வாத்தியார் டிக்தே சொல்லும்போது அந்தச் சொல்லைப் பிழையாக எழுதி, பிரம்படி வாங்கியிருக்கிறேன். அறுபது வருஷம் கழித்து அதே சொல் தொட்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா சொன்ன பக்குவம் சின்னது. வாரம் ஒரு தடவை தண்ணீர். நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். மற்றபடி அதன் பாட்டுக்கு விட்டுவிடு. அவ்வளவுதான்.

நான் அரசாங்க குமாஸ்தா. எதையும் அதன் பாட்டுக்கு விட்டுப் பழக்கமில்லாதவன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். நோட்டில் தேதி போட்டு டிக் அடிப்பேன். பூக்கள் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றன. அத்தனையும் என் கவனிப்பால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பூ உதிர்ந்ததும் இன்னும் கூடக் கவனித்தேன். ஜூலையில் ஒரு நாள் இலையைத் தொட்டால், குருத்தோடு கையில் வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் முழுக்கக் கறுத்து, அழுகிய வாடை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இது மண்ணில் வளர்கிற செடியே இல்லை. காட்டில் மரத்தின் மேல் தொற்றி வளர்வது. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும் கேட்கும். வேரின் மேல் பஞ்சு போல ஒரு உறை இருக்கிறது. மழை பெய்தால் குடித்துக்கொள்ளும், பிறகு காற்றில் காயும். காயாத வேர் அழுகிவிடும். ஆக, பாசத்தை ஊற்றியே அதைக் கொன்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு அக்கா போன் செய்வாள். குளிர்காலத்தில் அங்கே அப்போது பகல் ஒரு மணி. "செடி எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு அக்கா." "நீ எப்படி இருக்கே?" "நல்லாதான் இருக்கேன் தம்பி." ஒன்றரை வருஷம் இதேதான். 2023 ஜனவரியில் அவள் வரவில்லை. டிக்கெட் விலை அதிகம் என்றாள்.

அந்த வருஷ டிசம்பரில் "அடுத்த மாதம் வருகிறேன்" என்றாள். நான் அதே நர்சரிக்கு ஓடினேன். இந்தச் செடிகளை ஒரு தாய்ச்செடியின் திசுவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் வளர்க்கிறார்கள். அதனால் அச்சு எடுத்தது போல அதே ஊதாப் பூ கிடைத்தது. பழைய தொட்டியில் மாற்றி வைத்தேன். வீட்டுக்காரி, "இந்த வயசுல இந்த வேலை தேவையா?" என்று கேட்டாள்.

அக்கா வந்தாள். கையில் ஊன்றுகோல். ஒரு பக்கம் எங்கள் மருமகள் பிடித்துக்கொண்டு வந்தாள். மூட்டு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறதாம். நடுவில் ஒரு தடவை விழுந்தும் இருக்கிறாள். போனில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து செடியைப் பார்த்தாள். ஒவ்வொரு இலையாகத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டுல பட்ட காயம் ஆறிடுச்சா தம்பி?" என்றாள்.

ஆர்க்கிட் இலையில் பட்ட காயம் ஆறாது. இலை உதிர்கிற வரைக்கும், அது சில வருஷமானாலும், வடு அப்படியே நிற்கும். எனக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

எழுபத்து மூன்று வயதில் திருட்டு முழி முழித்தேன். "செத்துப்போச்சு அக்கா. அப்பவே செத்துப்போச்சு" என்றேன். அவள் சிரித்தாள். "நான் மூணு சாகடிச்சிருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கவலைப்படுவியேன்னுதான் கால் விஷயத்தைச் சொல்லலை" என்றாள். நானும் அதற்காகத்தானே சொல்லவில்லை?

இரண்டாவது செடி இன்னும் இருக்கிறது. மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியில், கிழக்கு ஜன்னலில் வைத்திருக்கிறேன். வேர் பச்சையாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். வெள்ளி நிறமாக வெளுத்தால் ஊற்றுவேன். குருத்தில் தண்ணீர் தங்கினால் துணியால் ஒற்றிவிடுவேன். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், மொட்டைமாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வருஷம் வெறும் இலைதான். இரவில் கொஞ்சம் குளிர்ந்தால்தான் இது பூக்காம்பு விடும். நம் ஊரில் அந்தக் குளிர் மார்கழி, தையில் மட்டும். போன தையில் இலைக்கு அடியில் ஒரு முனை எட்டிப் பார்த்தது. வேர் என்றால் நுனி உருண்டையாக இருக்கும். இது கையுறை போட்ட விரல் போல இருந்தது. மூன்று மாதம் கழித்து, சித்திரையில் பூத்தது.

அக்கா இனி ஊருக்கு வரமாட்டாள், டாக்டர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தப்பாமல் வருகிறது. "செடி எப்படி இருக்கு?" "இரண்டு மொட்டு உதிர்ந்துபோச்சு அக்கா. ஒரு இலை மஞ்சளாகுது." "எனக்கு இந்த வாரம் இடது காலும் வலிக்குது தம்பி."

முன்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிகிற போன். இப்போது அரைமணி ஆகிறது.