ஊதா நிறச் செருகி

சென்ற மாதம் கோப்பாய் வீட்டில் என் பழைய கணினி உயிரை விட்டது. தாய்ப்பலகை எரிந்துவிட்டது என்றான் மருமகன். என் கவலை கணினியைப் பற்றியதன்று, அதன் விசைப்பலகையைப் பற்றியது. ஊதா நிற வட்டச் செருகி கொண்ட பழைய வகை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பத்திரிகை எழுத்தெல்லாம் அதன் வழியேதான் நடந்தது. விசைகளில் எழுத்துகள் அழிந்து வெகுகாலமாகிறது. விரல்களுக்கு அவை தேவைப்படவில்லை.

"மாமா, இப்ப எல்லாம் யூஎஸ்பிதான். உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்கோ."

நான் இணங்கவில்லை. நல்லவேளையாகப் புதிய தாய்ப்பலகையின் பின்புறத்தில் ஒரேயொரு வட்டத்துளை இருந்தது. பாதி ஊதா, பாதி பச்சை. விசைப்பலகையோ சுட்டியோ, ஏதேனும் ஒன்றைச் செருகலாம். மருமகன் லினக்ஸ் நிறுவினான். நான் செருகினேன். மறுபேச்சின்றி வேலை செய்தது.

"கெர்னலுக்குள்ளேயே அதுக்கு ட்ரைவர் கிடக்கு" என்றான். கெர்னல் என்றதும் எனக்கு ஓர் இராணுவப் பதவிதான் முதலில் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு வேறென்ன வரும்? இயங்குதளத்தின் கருவகத்தைச் சொல்கிறான். ட்ரைவரைக் கணினித் தமிழில் செலுத்தி என்கிறார்கள். சாரதி என்றிருந்தால் எங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

கலைப்பட்டதாரி எனினும் செய்தியாளனின் அரிப்பு விடவில்லை. தேடிப் படித்தேன். 1984இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி கணினியில், விசைப்பலகையைக் கவனிக்க 8042 என்ற இன்ரெல் சில்லு தனியாக இருந்தது. 1987இல் வந்த பிஎஸ்/2 கணினிகளோடு இந்தச் சிறிய வட்டச் செருகி பரவியது. அந்தச் சில்லு தனியாக இப்போது இல்லை. ஆனால் அதைப்போல நடிக்கும் ஒரு பகுதி இன்றைய கணினிகளுக்குள்ளும் இருக்கிறது. பல மடிக்கணினிகளின் சொந்த விசைப்பலகைகூட அதன் வழியாகவே கருவகத்தோடு பேசுகிறது. லினக்ஸில் இதற்கான செலுத்தியை எழுதியவர் செக் நாட்டவரான வோய்டெக் பாவ்லிக்.

பழைய சுட்டியின் கதை இன்னும் சுவையானது. உருளை உள்ள சுட்டியா, இல்லாததா என்பதை அது தானாகச் சொல்லாது. ஆகவே செலுத்தி அதனிடம் வேகத்தை 200 ஆக்கு, 100 ஆக்கு, 80 ஆக்கு என்று அடுத்தடுத்துக் கட்டளையிட்டுவிட்டு, நீ யார் என்று கேட்கிறது. உருளை உள்ளது 3 என்று பதில் சொல்லும். இல்லாதது ஒன்றும் விளங்காமல் 0 என்னும். ஊரடங்குக் காலத்தில் கதவைத் தட்டும் முறையை வைத்து ஆளை அடையாளம் கண்டோமே, அதேதான். ஒழுங்காக நடக்காத கணினிகளுக்கென்று ஒரு நீண்ட அட்டவணையும் உண்டு. புஜித்சு, ஏசர், தோசிபா என்று மாதிரிப் பெயர் குறித்து, இன்னதிடம் இன்னது கேட்காதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கிராம சேவையாளரின் பதிவேடு தோற்றுவிடும்.

இத்தனை பரிவும் செருகிக்கும் சில்லுக்கும்தான். எஃப் விசையை நான் அழுத்தினால் கருவகத்துக்குக் கிடைப்பது 33 என்ற எண் மட்டுமே. பாமினி முறையில் அது 'க' என்பது அதற்குத் தெரியாது. தெரிந்துவைக்க வேண்டியது அதன் வேலையுமன்று.

அந்த வாரமே அது உறைத்தது. கனடாவிலிருந்து ஒரு பெண், தன் தகப்பனாரைப் பற்றி நான் 2002இல் எழுதிய கட்டுரையைக் கேட்டிருந்தாள். அவர் அண்மையில் காலமானார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, தன் தாயைச் சைக்கிளில் இருத்தி உருட்டிச் சென்றவர். அதை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதினேன். அச்சான பிரதி என்னிடம் இல்லை. ஒரு குறுந்தட்டில் கோப்பு மட்டும் இருந்தது.

திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. புதிய கணினியில் பாமினி எழுத்துரு இல்லை.

"ஒரு நிமிசம் மாமா, யூனிகோட்டுக்கு மாத்தித் தாறன்" என்று மருமகன் இணையத்தில் தேடத் தொடங்கினான். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். முதற்சொல்: என், எஃப், எச், ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், ஏ, அரைப்புள்ளி. மடியில் விரல்கள் தாமாக அசைந்தன. கோப்பாய்.

அடுத்த சொல்லும் வந்தது. அதற்கடுத்ததும். அவன் மாற்றியைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது, தாயின் ஒரு செருப்பு வழியில் கழன்று விழுந்த இடம்வரை நான் வாசித்துவிட்டிருந்தேன்.

மாற்றிய பிரதியை அன்றிரவே அனுப்பினோம். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. இரண்டும் 2002இல் நான் விட்டவை, திருத்தவில்லை.