டிசி இல்லாத மூணு வாரம்

ஊரைக் காலி பண்ணிட்டு சென்னைக்கு வர்றவங்க எல்லாருமே ஒரே வரிசையிலதான் வேலையைப் பார்ப்பாங்க போல. முதல்ல வீடு, அட்வான்ஸ். அப்புறம் கேஸ். அப்புறம் தண்ணி லாரிக்கு யாருக்கு போன் பண்ணணும்ங்கற விசாரணை. பிள்ளைங்க பள்ளிக்கூடம் மட்டும் "அது பாத்துக்கலாம்" லிஸ்ட்ல கடைசியா நிக்கும். 2024 அக்டோபர்ல கோவில்பட்டியில இருந்து எங்க பெரியப்பா மகன் குடும்பத்தோட பெருங்குடிக்கு வந்தப்பவும் இதே கதைதான்.

அண்ணன் அங்க ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருந்தாரு. (எங்க ஊர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ்னுதான் சொல்வாங்க. நான் வேலை பார்க்கிற ஓ.எம்.ஆர் ஆபீஸை விட அங்க ஆணி அதிகம் :-)) சின்ன யூனிட். ஒரு நாள் மூடிட்டாங்க. இங்க ஒரு குடோன்ல சூப்பர்வைசர் வேலை கிடைச்சது, உடனே வரணும்னாங்க. பள்ளிக்கூட வருஷம் முடியட்டும்னு காத்திருக்கிற வசதியெல்லாம் இல்லை. பெரியவ எட்டாம் வகுப்பு, சின்னவன் மூணாம் வகுப்பு. ரெண்டு பேரும் ஊர்ல ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில படிச்சுட்டு இருந்தாங்க.

வீட்டு ஓனர், எதிர்வீடு, என் டீம்ல இருக்கிற பதினோரு பேர், எல்லாரும் சொன்ன யோசனை ஒண்ணுதான்: "நல்ல சிபிஎஸ்இ ஸ்கூலாப் பாருங்க." பார்த்தோம். நடுவருஷத்துல சேர்த்தாலும் முழு வருஷ ஃபீஸ். அதுக்கப்புறம் அண்ணனும் மதினியும் ரொம்ப நேரம் விவாதம் எல்லாம் பண்ணலை. பக்கத்துல இருக்கிற அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனாங்க. எங்க டீம்ல அந்தப் பள்ளி எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியலை. தினமும் அந்த வழியாத்தான் வண்டி ஓட்டுறோம்.

தலைமையாசிரியை முகம் சுளிக்காம பேசினாங்க. "டிசி வாங்கிட்டு வாங்கம்மா, சேர்த்துக்கறேன்." ஊர்ப் பள்ளிக்கு போன் போட்டா, ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து ஃபீஸ் பாக்கி 23 ஆயிரம், கட்டினாத்தான் டிசி. வேலை போய், லாரி வாடகை, அட்வான்ஸ் எல்லாம் கொடுத்து முடிச்சவர்கிட்ட 23 ஆயிரத்துக்கு எங்க போறது?

இப்படியே ஒரு வாரம், ரெண்டு வாரம். மதினி பக்கத்துல ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. பெரியவ தம்பியைப் பார்த்துக்கிட்டா. அரிசி களைஞ்சு வெச்சா, தண்ணி லாரி வந்தா குடம் தூக்கினா. வீட்டு ஓனரம்மா "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" அப்படின்னு பாராட்டினாங்க. மூணாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் போயிருந்தப்ப அவளே சொன்னா: "சித்தப்பா, அடுத்த வருஷம் சேர்ந்துக்கிடுதேனே. இப்ப என்ன அவசரம்?"

மதினி அடுப்படியில இருந்து வெளிய வந்தாங்க. "நானும் இப்படித்தான் தம்பி நின்னேன். எட்டாங்கிளாஸ். ஒரு மாசம் தீப்பெட்டி ஒட்டப் போ, அப்புறம் பள்ளிக்கூடம் போகலாம்னு எங்கம்மா சொன்னா."

அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லலை. நான் அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் படிச்சேன். 2009-ல வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கு. சட்டம்னாலே நமக்குக் கொட்டாவி வரும். இது அப்படி இல்லை, நேரடியாவே எழுதியிருக்காங்க. 5-வது பிரிவு: ஆறிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் பிள்ளை வேற பள்ளிக்கு மாறலாம், மாநிலம் விட்டு மாநிலமே கூட. பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனே டிசி கொடுக்கணும். அது தாமதமாகுதுன்னு புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தாமதம் பண்ற தலைமையாசிரியர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். 14-வது பிரிவு: வயசுச் சான்று இல்லைன்னு மறுக்கக் கூடாது. 15-வது பிரிவு: சேர்க்கைக் காலம் முடிஞ்சுபோச்சுன்னும் மறுக்கக் கூடாது. இதுக்கு மேல அந்த வருஷம் ஜூலையிலதான் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருந்தது, டிசிங்கறது ஃபீஸ் பாக்கி வசூலிக்கிற கருவி இல்லைன்னு.

ஊர்ப் பள்ளியை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. சின்னப் பள்ளி, வாத்தியாருங்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். கடன் கேட்கட்டும், நோட்டீஸ் விடட்டும், வீட்டு வாசல்ல வந்து கூட நிக்கட்டும். கடனுக்குப் பிள்ளையோட படிப்பை அடமானமா பிடிச்சு வெச்சுக்கிறதுதான் ஜீரணிக்கலை.

மதினி 14417-க்குப் போன் பண்ணாங்க. 2018-ல தமிழக பள்ளிக்கல்வித் துறை ஆரம்பிச்ச உதவி எண். அங்க பேசினவங்களும் "டிசி இல்லாமலே சேர்க்கலாம்மா, தலைமையாசிரியர்கிட்டப் பேசுங்க"ன்னாங்க. மறுநாள் நான் லீவு போட்டு, அந்த மூணு பிரிவையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு அவங்களோட போனேன்.

தலைமையாசிரியை பிரிண்டைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "சட்டம் எனக்கும் தெரியும் சார். எமிஸுக்குத் தெரியணுமே?"

இங்கதான் நம்ம ஏரியா வருது. தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ்னு ஒரு மென்பொருள்ல ஒரு நம்பர் இருக்கு. தனியார் பள்ளிப் பிள்ளைங்களும் அதுல உண்டு. பள்ளி மாறும்போது பழைய பள்ளி அந்தப் பேரைப் பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிடணும். 'காமன் பூல்'னு சொல்றாங்க. அங்கிருந்து புதுப் பள்ளி எடுத்துக்கும். ஒரே பிள்ளை ரெண்டு பள்ளிக் கணக்குல இருக்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. பொட்டி தட்டுறவனாச் சொல்றேன், டிசைன் தப்பே இல்லை. ஆனா லாக்கைப் பிடிச்சு வெச்சிருக்கிறவன் விடமாட்டேன்னா என்ன பண்றது? பாக்கி வரணும்னு காத்திருக்கிறவங்க கையிலேயே பூட்டும் சாவியும். பாடப்புத்தகம், சீருடை, செருப்பு எல்லாத்துக்கும் கணக்கு எமிஸ்லதான். பேர் ஏறாத பிள்ளையைச் சேர்த்தா அந்தம்மா எந்தக் கணக்குல புத்தகம் கொடுப்பாங்க? அவங்க சொன்ன 'டிசி வாங்கிட்டு வாங்க'ளுக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சது.

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் பெரியவளைப் பார்த்து, "நோட்டு கொண்டாந்திருக்கியா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு தலையாட்டினா. பீரோவைத் திறந்து ரெண்டு நோட்டு எடுத்துக் கொடுத்து, "எட்டாங்கிளாஸ் மாடியில. போய் உட்காரு. பேர் வர்றப்ப வரட்டும்." அவ்வளவுதான். சின்னவனையும் கையோட மூணாம் வகுப்புல விட்டாச்சு. மதினிகிட்ட ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கி, கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினாங்க. ஒன்பதாவது நாள் ரெண்டு பேரும் பூல்ல வந்து விழுந்தாங்க. பாக்கியை அண்ணன் பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு தவணையாக் கட்டி முடிச்சாரு, அது வேற கணக்கு.

பள்ளிக்கூடம் எப்படின்னு கேட்டா, ஆகா ஓகோன்னு சொல்ல மாட்டேன். கழிப்பறைக்கு ஒரு வாளி எப்பவும் குறையும். பெரியவளுக்குச் சீருடை வர டிசம்பர் ஆச்சு, அது வரைக்கும் கலர் டிரஸ்ல போக வெட்கப்பட்டா. ஆங்கில வழிப் பிரிவு இருந்ததால பாடத்துல பெருசாத் தடுமாறலை. சின்னவனுக்குக் காலை உணவு. ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் கொடுக்கிற திட்டம், 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கி 2023 ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினாங்க. மதினி ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பணும். அவங்களைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பொங்கலும் கிச்சடியும்தான் அரசாங்கம். அவனோ "உன் உப்புமாவை விட அங்க நல்லாருக்கு"ன்னு வந்து சொல்லி அடி வாங்கினான்.

பெரியவளுக்குப் பக்கத்து சீட்டு ஒடிஷா பொண்ணு. அப்பா கட்டட வேலை. அவ பேசுற சென்னைத் தமிழ் முன்னாடி எங்க கோவில்பட்டித் தமிழ் நிக்க முடியலை. "இன்னாடி, பேசினே கீறே"ன்னு இவளும் இப்ப ஆரம்பிச்சுட்டா.

ஒரே ஒரு ஆதங்கம். மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. 2022-ல வந்த புதுமைப் பெண் திட்டத்துக்கும், கல்லூரி போற பொண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூபாய், அதே ஆறாம் வகுப்புதான் தொடக்கம். இவ ஆறும் ஏழும் கடன் வாங்கி ஃபீஸ் கட்டின தனியார் பள்ளியில. அண்ணன்கிட்ட இதைச் சொல்லணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சுட்டு, சொல்லிட்டேன். "விடுடே, படிக்கட்டும்"னாரு.

ஊரை விட்டுக் கிளம்பப்போற யாராவது உங்க வீட்ல இருந்தா, லாரிக்குச் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளைங்க எமிஸ் நம்பரை எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க. டிசி கிடைக்கலைன்னா அதுக்காகப் பிள்ளையை வீட்ல உட்கார வைக்க வேண்டாம்னும் சொல்லுங்க.

நடுநிலைப் பள்ளி எட்டோட முடியுது. ஒன்பதாவதுக்கு வேற பள்ளி, திரும்பவும் டிசி. கல்வி உரிமைச் சட்டமும் அந்த எட்டாம் வகுப்போட நின்னுடுது. 2025 ஏப்ரல் மாசம், கடைசிப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே மதினி போன் பண்ணாங்க.

"தம்பி, அந்தப் பூல்ல இவ பேரை எப்ப விடுவாங்க? நான் இப்பமே போய்ச் சொல்லிட்டு வந்துரட்டா?"